கிண்ணியாவைக் கன்னியா என்று கணினி படித்தால்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் அதன் பின்னே வந்த வெள்ளமும் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களில் தண்ணீர் புகுந்தது. இப்படியான வெள்ளம் வடிந்து வீடு திரும்பும் குடும்பங்கள் சேற்றுக்குள் கைவிட்டுத் தேடும் பொருட்களில் ஒன்று, பொலித்தீன் பைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்திருந்த கடதாசிக் கட்டு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். உதவிக்கு விண்ணப்பிக்கப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தக் கடதாசிகள்தான்.

வீட்டிலிருந்த பிரதி போனால் அரச அலுவலகத்தில் மூலம் இருக்கும் என்ற நம்பிக்கையில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மூலம் பெரும்பாலும் ஓர் இடாப்பின் நடுவே, பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பதிவாளர் கைப்பட எழுதிய ஒரு பக்கம். அதற்கும் வயதாகிறது. அதையும் வெள்ளம், கறையான், ஈரம் மூன்றும் தேடி வருகின்றன.

கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் வந்துவிட்டது. பழைய இடாப்புகளைப் படம் பிடித்துக் கொடுத்தால் அது எழுத்தாக்கித் தந்துவிடும். ஆவண வேலைகள் எல்லாம் தானாக நடக்கும் என்ற பேச்சு இப்போது அரச மட்டத்திலும் தனியார் மட்டத்திலும் பலமாகக் கேட்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் திருகோணமலை போன்ற ஒரு மாவட்டத்தில், மூன்று மொழிகளிலும் பல தலைமுறைக் கையெழுத்துகளிலும் கிடக்கும் பதிவுகளை இயந்திரத்தின் கையில் முழுவதுமாகக் கொடுத்துவிட்டால், ஏற்கெனவே அலைந்தவர்களையே மறுபடியும் அலையவிடுவோம். இயந்திரம் தேடித் தரட்டும். தீர்மானிப்பது இடாப்பின் படமும் அதைப் படிக்கத் தெரிந்த மனிதரும் என்பதை இப்போதே, வேலை தொடங்கும் முன்பே, விதியாக்க வேண்டும்.

கடதாசியில் நிற்கும் மாவட்டம்

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டபூர்வமாகத் தொடங்கியது 1867இல். காணியைப் பொறுத்தவரை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்ததிலிருந்து, நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்ட உறுதி இல்லாமல் காணி கைமாறுவது செல்லாது. நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். குடியேற்றக் காணிகளுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அவற்றின் பேரேடுகள் பிரதேச செயலகங்களில் இருக்கின்றன. கந்தளாய், மொறவெவ (முதலிக்குளம்) என்று குடியேற்றத் திட்டங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அந்தப் பேரேடுகளின் கனம் அதிகம்.

இவற்றோடு போரின் ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990இல் ஊரோடு எழுந்து ஓடியவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு கடதாசியையும் இழந்தவர்கள், 2006இல் மூதூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே மூன்று முறை ஆவணம் இழந்தோர் இங்கே உண்டு. காணாமற்போன பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் பெறுவதா, 2016இல் சட்டத் திருத்தத்தின் வழியே வந்த காணாமற்போனமைச் சான்றிதழ் பெறுவதா என்று தவிக்கும் தாய்க்கும் முதல் படி பிள்ளையின் பிறப்புப் பதிவுதான்.

ஒரு பழைய பிறப்புப் பதிவின் பிரதி எடுக்கப் போனால் என்ன நடக்கிறது? பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிட்டால் இடாப்பைத் தேட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. முதியவர் பலருக்குத் தம் பிறந்த ஆண்டே திட்டமாகத் தெரியாது. "புயலடித்த வருசத்துக்கு முதல் வருசம்" என்று சொல்வார்கள். அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். ஒவ்வொரு புரட்டலிலும் மக்கிய தாளின் ஓரம் கொஞ்சம் உதிரும்.

துறைமுகத்திலும் கதை வேறில்லை. 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்க மறுத்துத் தடை போட்டது. 2016 நடுப்பகுதியில்தான் தடை நீங்கியது. ஆழ்கடல் படகுகளின் கண்காணிப்பும் பதிவும் சரியில்லை என்பது அந்தத் தடைக்கான காரணங்களில் ஒன்று. அதன் பிறகு பலநாட் படகுகளின் பயணக் குறிப்பேடு கட்டாய விடயமானது. எந்த இடத்தில் வலை விட்டது, என்ன மீன், எத்தனை கிலோ என்று ஆடும் படகில், ஈரக் கையால் எழுதப்படும் பக்கம் அது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கரையேறும் மீனுக்கு வெளிநாட்டுச் சந்தையில் வழி திறப்பது அந்தக் கையெழுத்து. அதைப் பிழையாகப் படித்தால் இழப்பு படகு உரிமையாளருக்கு மட்டும் இல்லை, கூலிக்குப் போன கடற்றொழிலாளிக்கும் உண்டு.

இயந்திரம் படிக்கக் கற்ற கதை

அச்செழுத்தைப் படிக்கும் மென்பொருள் பழையது. எல்லா 'க'வும் ஒரே மாதிரி இருப்பதால் அது எளிய வேலை. கையெழுத்தில் ஒருவர் எழுதும் 'க'வும் அவரே அடுத்த வரியில் எழுதும் 'க'வும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இன்றைய மென்பொருளுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு வரியின் படத்தையும் அதற்குச் சரியான எழுத்துப் பெயர்ப்பையும் சோடியாகக் காட்டுகிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான சோடிகளைப் பார்த்து அது பழகிக்கொள்கிறது. பார்த்த வகைக் கையெழுத்தை நன்றாகப் படிக்கும், பாராததை ஊகிக்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

அமெரிக்க அஞ்சல் துறை 1990களின் பிற்பாதியில் கையால் எழுதிய முகவரிகளைப் படிக்கக் கணினியை அமர்த்தியது. பஃபலோ பல்கலைக்கழகத்தில் இந்தியாவில் பிறந்த சர்கூர் ஸ்ரீஹரி தலைமையிலான குழு அதில் முன்னின்றது. முதலில் சிறு பங்கு முகவரிகளைத்தான் அது படித்தது. படிக்க முடியாத உறைகளின் படங்கள் தொலைவிலிருந்த நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மனிதர்கள் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். 1997இல் அத்தகைய நிலையங்கள் 55 இருந்தன. மென்பொருள் வளர வளர அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 2013இல் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்றை மட்டும் மூடவில்லை. அவ்வளவு பணமும் அவ்வளவு ஆண்டு அனுபவமும் உள்ள நாடு, படிக்க முடியாத உறைக்கு ஒரு மனிதரை இருத்தி வைத்திருக்கிறது.

அஞ்சல் உறைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஊரும் தெருவும் அஞ்சல் எண்ணும் பட்டியலில் இருப்பவை. இயந்திரம் தடுமாறினால் பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஆளின் பெயருக்கு அப்படிப் பட்டியல் கிடையாது. பிறப்பு இடாப்பில் முக்கியமானதோ பெயர்.

1950ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுத் தாள்கள் 72 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2022 ஏப்ரல் 1 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், அனைத்தும் கையெழுத்து. தேசிய ஆவணக் காப்பகம் இயந்திரத்தைக் கொண்டு பெயர் அட்டவணை தயாரித்து வெளியிட்டது. அட்டவணையில் பிழை இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பெயரைத் தேடுபவர் பக்கத்தின் படத்தைப் பார்த்துத் தாமே திருத்தத்தை எழுதிச் சேர்க்கவும் வழி வைத்தது. இயந்திரம் தேடித் தந்தது, படம் ஆதாரமாக நின்றது, மக்கள் திருத்தினார்கள். திருகோணமலைக்கு வேண்டிய முறையும் இதுதான்.

ஒல்லாந்தரின் கடிதம் படிக்கப்படுகிறது, நம் இடாப்பு?

இந்த இடத்தில் ஒரு வேதனையான ஒப்பீடு வருகிறது. நெதர்லாந்தின் ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனம் நடத்தும் குளோபலைஸ் திட்டத்தில், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கடிதங்களும் அறிக்கைகளும் அடங்கிய ஏறத்தாழ 50 லட்சம் பக்கப் படங்களை இயந்திரம் படித்து எழுத்தாக்கியிருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் சுருள்சுருளான பேனா எழுத்து அது. அந்தக் குவியலுக்குள் இலங்கையிலிருந்து போன கடிதங்களும் உண்டு. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று பெயரிட்டுத் தேட முடிகிறது.

திருகோணமலையின் வரலாறு எழுதுவோருக்கு ஒல்லாந்தக் கையெழுத்தின் அருமை தெரியும். 1786இல் இங்கே ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த வான் சென்டன், கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்று ஊர்களைச் சுற்றிவந்து எழுதிய நாட்குறிப்பு இல்லாமல், அந்நாளைய குளம், வயல், கோயில், குடிகள் பற்றி இவ்வளவு விவரமாக இன்று பேச முடியாது.

ஆக, நம்மை ஆண்டவர்கள் நம்மைப் பற்றி 250 ஆண்டுகளுக்கு முன் எழுதியதை இயந்திரம் படிக்கிறது. நம் ஊர்ப் பதிவாளர் 1950களில் தமிழில் எழுதிய பிறப்புப் பதிவில் அது தடுமாறுகிறது. தமிழ் கடினமான எழுத்து என்பதால் இப்படி நேரவில்லை. ஒல்லாந்தக் கையெழுத்துக்கு ஆயிரக்கணக்கான பக்கங்களை அறிஞர்கள் பொறுமையாகப் படித்துப் பெயர்த்து, இயந்திரத்துக்குப் பாடமாக வைத்தார்கள். நமக்கு அந்தப் பாடப்புத்தகத்தை எவரும் எழுதவில்லை.

தமிழுக்கு எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. பெங்களூரில் இயங்கிய எச்பி ஆய்வுக்கூடம் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளை 156 வகை எழுத்துருக்களாகத் திரட்டி, 2006இல் நடந்த பன்னாட்டுப் போட்டிக்கே அதை அடிப்படையாக்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழு தமிழ் எழுத்துணரியில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. ஹைதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் தமிழ் உட்பட இந்திய மொழிக் கையெழுத்துச் சொற்களைத் தொகுத்திருக்கிறது. இவை அருமையான பணிகள். ஆனால் இந்தத் தரவு இந்தியாவில், இன்றைய எழுத்து முறையில், ஆய்வுக்கென்று எழுதி வாங்கியது. அதைக் கொண்டு பழகிய இயந்திரம் மூதூர் விவாகப் பதிவாளரின் 1962ஆம் ஆண்டு இடாப்பைத் திறந்தால் என்ன செய்யும்?

சுழியும் விசிறியும் குற்றும்

கிண்ணியா, கன்னியா இரண்டும் இதே மாவட்டத்து ஊர்கள். ஒன்று தம்பலகாமக் குடாவை ஒட்டிய பெரிய ஊர். மற்றது வெந்நீர்க் கிணறுகளால் பெயர்பெற்ற ஊர். எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம், 'க'வின் தலையில் ஒரு விசிறி, அடுத்த இரண்டு எழுத்துகளிலும் ஒவ்வொரு சுழி. அவசரக் கையெழுத்தில் விசிறி மேல்வரியோடு ஒட்டிப்போகும். மூன்று சுழி இரண்டாகத் தேயும். ஊர்க்காரர் கண்ணால் பார்த்த மாத்திரத்தில், பக்கத்து ஆட்களின் பெயரையும் பதிவுப் பிரிவையும் வைத்து எது என்று சொல்லிவிடுவார். இயந்திரம் ஒன்றைத் தேர்ந்துவிட்டு, தயக்கம் எதுவும் காட்டாமல் அச்சுப்போல் எழுதிக்கொடுக்கும். அச்சில் வந்ததைச் சந்தேகிக்கும் பழக்கம் நமக்குக் குறைவு.

பழைய தலைமுறை எழுத்தில் இன்னும் பல உண்டு. 'லை', 'னை', 'ணை', 'ளை' ஆகியவற்றைத் தும்பிக்கை வைத்து எழுதுவது. 'றா', 'னா', 'ணா' ஒவ்வொன்றையும் அரவோடு சுருட்டி ஒரே உருவமாக எழுதுவது. தமிழகத்தில் 1978இல் அரசாணை மூலம் எழுத்துச் சீர்திருத்தம் வந்து இவை அச்சிலிருந்து விடைபெற்றன. இங்கே முதியவர்களின் கையெழுத்தில் அதற்குப் பின்னரும் வாழ்ந்தன. குற்று வைக்காமலே விரைந்து எழுதுவோர் உண்டு. அரவுக்கும் 'ர'வுக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதுவோர் உண்டு. 'கொ' என்ற ஓர் எழுத்து தாளில் மூன்று துண்டாக நிற்கும். அதில் கடைசித் துண்டை அடுத்த எழுத்தோடு சேர்த்துப் படித்தால் சொல்லே மாறிவிடும்.

முஸ்லிம் பெயர்களில் ஆபத்து இன்னும் நுட்பமானது. இந்த மாவட்டத்தில் முஸ்லிம்களே பெரிய சமூகம். றஹ்மான், றிஸ்வான், றஹீமா என்று வல்லின றகரத்தில் தொடங்கும் எழுத்துமுறை இங்கே இயல்பு. தமிழகத்தில் இது ரகரமாக இருக்கும். இன்றைய மென்பொருட்கள் படித்ததை ஒரு மொழி மாதிரியோடு ஒப்பிட்டு, பிழை என்று தோன்றுவதைத் தாமே திருத்துகின்றன. தமிழகத் தரவில் வளர்ந்த மாதிரி, கிண்ணியாப் பிள்ளையின் பெயரைச் 'சரி' செய்துவிடும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பாடசாலை இடாப்பில் இன்னொன்று. பிறகு இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சத்தியக் கடதாசி முடிக்கச் சமாதான நீதவானிடம் போக வேண்டும். இந்த அலைச்சல் இயந்திரம் வருவதற்கு முன்பே எத்தனையோ வீடுகளுக்குப் பழக்கமானது. அதை ஒரே நாளில் ஆயிரம் மடங்காக்கும் ஆற்றல் மென்பொருளுக்கு உண்டு.

இடாப்பின் ஓரத்தையும் மறக்கக் கூடாது. பெயர் மாற்றம், தகப்பன் பெயர் சேர்த்தல், திகதித் திருத்தம் போன்றவை பிற்காலத்தில் வேறோர் அலுவலரால், வேறு மையில், சில வேளை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பக்கத்தின் ஒதுக்கிடத்தில் குறிக்கப்படும். சட்டப்படி செல்லுபடியாவது அந்தத் திருத்தம்தான். நடுக்கட்டத்தை மட்டும் படித்துவிட்டு ஓரத்தை விட்டுவிடும் மென்பொருள், திருத்தப்படாத பழைய பெயரையே மீண்டும் உயிர்ப்பித்துவிடும்.

கணக்கும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 95 எழுத்தைச் சரியாகப் படிக்கும் மென்பொருள் என்று விற்பனையாளர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். 40 எழுத்துள்ள ஒரு வரியில் அது இரண்டு பிழை. காணி உறுதியின் எல்லை விவரம் பத்து வரி வந்தால், ஏறத்தாழ இருபது.

எழுத்து மாறினால் எல்லை மாறும்

2013இல் ஜெர்மனியின் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தைப் படப் பிரதி எடுத்தார். வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர் என்று இருந்தது. பிரதியில் மூன்றுமே 14.13 என்று வந்தது. ஸெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள், படத்தின் அளவைச் சுருக்குவதற்காக ஒத்த தோற்றமுள்ள துண்டுகளை ஒன்றாகக் கருதி இலக்கங்களையே மாற்றிவிட்டிருந்தன. பிரதி மங்கலாக இருந்திருந்தால் எவராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அது தெளிவாக, அழகாக, தவறாக இருந்தது. நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

எழுத்தைப் படிக்காமல் வெறும் படம் எடுத்த இயந்திரமே இதைச் செய்தது என்றால், ஊகித்துப் படிக்கும் இயந்திரத்தின் முன் காணி உறுதியை வைக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும்? அதிலும் இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் மை ஊறிப்போன வரியிலும் வெறுமை விடுவதில்லை. பொருத்தமாகத் தோன்றும் ஒரு சொல்லைப் போட்டு வாக்கியத்தை நிரப்பிவிடுகின்றன.

தமிழகத்தில் பட்டாப் பதிவுகளை மனிதர்களே தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினார்கள். அப்போதும் பெயரிலும் பரப்பிலும் பிழைகள் ஏறி, அவற்றைத் திருத்தச் சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டி வந்தது. கணினியில் ஏறிய பிழையைத் திருத்துவது, ஏற்றுவதைவிடக் கடினம். பிழையைச் செய்தது அலுவலகம். அதை மெய்ப்பிக்கும் சுமையோ குடிமகனுக்கு. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கரையோரக் காணியின் விலை ஏறிவரும் காலத்தில், இந்தச் சுமையைத் தாங்க முடியாதவரின் காணிதான் முதலில் கைநழுவும்.

பாதுகாப்பும் ஒரு கேள்வி. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகில் கணினி அமைப்பு கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல் தரவுகள் அழிந்தன. காரணம், அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. 2025 ஒக்டோபரில் அதே அமைப்பில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதி வழங்கும் இணையச் சேவையும் தடைப்பட்டது. படம் பிடித்து ஏற்றியாயிற்று, இனி இடாப்பு எதற்கு என்று நினைக்கும் அலுவலகத்துக்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் போதிய பதில்.

செய்யக்கூடியவை

முதல் வேலைக்குச் செயற்கை நுண்ணறிவே தேவையில்லை. அடுத்த மாரி வருவதற்குள், மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களிலும் காணிப் பதிவகத்திலும் இன்னும் படம் பிடிக்கப்படாத இடாப்புகளையும் காணிப் பேரேடுகளையும் கண்டறிந்து, தாழ்நிலத்து அலுவலகங்களிலிருந்து தொடங்கிப் படம் பிடிக்க வேண்டும். சுருக்காத முழுத் தரப் படங்கள், பக்கத்தின் ஓரம் வரை, பின்பக்கமும் சேர்த்து. பிரதி ஒன்று மாவட்டத்துக்குள், ஒன்று கொழும்பில், ஒன்று இணையத்தோடு தொடர்பில்லாத சேமிப்பில். எழுத்தாக்கம் பத்து ஆண்டு கழித்து நடந்தாலும் பரவாயில்லை. படம் இருந்தால் நடக்கும்.

அடுத்தது பாடப்புத்தகம். டிரான்ஸ்கிரிபஸ் என்ற ஐரோப்பிய மென்பொருளை நடத்துவோர், ஒரு கையெழுத்துக்கு இயந்திரத்தைப் பழக்க 5,000 முதல் 15,000 சொற்கள், அதாவது ஏறக்குறைய 25 முதல் 75 பக்கங்கள் பெயர்த்துக் கொடுத்தால் தொடங்கலாம் என்கிறார்கள். பல பதிவாளர்களின் கைகளுக்கு இதைவிடப் பல மடங்கு வேண்டும். ஆனாலும் கைக்கெட்டாத அளவல்ல. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பதிவாளர்கள், கிராம உத்தியோகத்தர்கள், நொத்தாரிசுகளின் எழுதுவினைஞர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய எழுத்தையும் ஊர்ப் பெயரையும் காணிப் பெயரையும் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அவர்கள். அவர்களுக்கு நாட்கூலி கொடுத்து மாணவர்களோடு உட்கார வைக்க வேண்டும். இறந்தவர்களின் மிகப் பழைய பதிவுகளிலிருந்து தொடங்கினால் தனியுரிமைச் சிக்கலும் குறையும். தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தின் அனுபவத்தையும் கேட்டுப் பெறலாம்.

மென்பொருள் படித்த எழுத்து தேடுவதற்கு மட்டும் என்று எழுத்தில் விதி வர வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமே அசையாச் சொத்து விற்பனை, மரண சாசனம், தத்துவப் பத்திரம் ஆகியவற்றைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே உறுதியின் இயந்திரப் பெயர்ப்பை உறுதிக்கு ஈடாக எவரும் காட்ட இடமில்லை என்பதை அலுவலர்களுக்கும் மக்களுக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சான்றிதழ் வழங்கும்போது இடாப்புப் பக்கத்தின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், பிழையை அன்றைக்கே, அந்த மேசையிலேயே கண்டுபிடிக்கலாம்.

இயந்திரத்தைச் சோதிக்க எளிய கணக்குகளே போதும் என்ற இடங்களும் உண்டு. காணி அளவில் நாலு றூட் ஓர் ஏக்கர், 40 பேர்ச்சஸ் ஒரு றூட். ஆகவே றூட் கட்டத்தில் 7 என்று இயந்திரம் படித்தால் அது 1 ஆகத்தான் இருக்க வாய்ப்பு. எப்படியும் 7 ஆக இருக்க முடியாது. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பிறந்த திகதியோடு ஒப்பிட்டால் பிழை பளிச்சென்று தெரியும். இப்படி முரண்படும் பதிவுகளைத் தானாகத் திருத்தாமல், ஒதுக்கி மனிதரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். ஊர்ப் பெயருக்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கும் பட்டியல் கொடுக்கலாம். ஆளின் பெயரைப் பட்டியலுக்குள் அடக்கவோ 'சரி' செய்யவோ மென்பொருளுக்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

பார்த்து உறுதிசெய்யும் அலுவலருக்கு அந்தப் பதிவின் மொழி தெரிந்திருக்க வேண்டும். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்கிறது அரசியலமைப்பு. கோமரங்கடவலவின் சிங்களப் பதிவைச் சிங்களம் தெரிந்தவரும், வெருகலின் தமிழ்ப் பதிவைத் தமிழ் தெரிந்தவரும் பார்ப்பது சலுகையல்ல, உரிமை. பிழை கண்டால் திருத்தம் கேட்க ஒரு பக்கப் படிவம், மூன்று மொழியிலும், கட்டணம் இல்லாமல், குறித்த நாட்களுக்குள் பதில் என்று வைக்க வேண்டும். அலுவலகத்தின் பிழையைத் திருத்தச் சத்தியக் கடதாசி கேட்கக் கூடாது.

மென்பொருளை வாங்கும் ஒப்பந்தத்திலும் கண் வைக்க வேண்டும். விற்பனையாளர் தம் மாதிரியைக் காட்டிச் சொல்லும் சதவீதத்தை ஏற்காமல், கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளி இடாப்புகளிலிருந்து எடுத்த பக்கங்களைக் கொடுத்துச் சோதித்து, பெயர், இலக்கம், எல்லை ஒவ்வொன்றிலும் எத்தனை பிழை என்று வெளியிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மக்களின் பதிவுகள் எந்த நாட்டுக் கணினியில் போய் நிற்கும், அவற்றைக் கொண்டு நிறுவனம் தன் மென்பொருளைப் பழக்கிக்கொள்ளலாமா என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு.

அதற்கிடையில் வீட்டில் செய்யக்கூடிய ஒன்று: கையிலிருக்கும் உறுதியையும் சான்றிதழ்களையும் பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, இலக்கமும் திகதியும் தெரிகிறதா என்று பார்த்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பதிவு இலக்கம் தெரிந்தால், இன்றைய நிலையிலும் மூலத்தைத் தேடி எடுப்பது மிக எளிது.